முதல் வாரமே தண்ணீரைத் திறந்துவிடுங்கள்

கேள்வி: நீலகிரி மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவுக்குப் பிளம்பிங் பயிற்றுநராக இந்த ஆண்டு சேர்ந்திருக்கிறேன். படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. கொஞ்ச காலம் ஒரு கான்ட்ராக்டரிடம் சைட்டில் இருந்தேன், வகுப்பெடுத்துப் பழக்கமில்லை. பதினொன்றாம் வகுப்பில் 26 பேர், அதில் 4 பேர் பெண் பிள்ளைகள். ஒரு தகரக் கொட்டகை, ஒரு பைப் வைஸ், இரண்டு பைப் ரெஞ்ச், மரை வெட்டுகிற, பல் தேய்ந்த ஒரு டை செட், இவ்வளவுதான் ஒர்க் ஷாப். பாடத்தின் தொடக்கமே கருவிகளின் பெயர்கள். அதை நடத்தினால் பாதிப் பேர் தூங்குகிறார்கள். அப்பாவோடு வேலைக்குப் போய்வரும் ஒரு பையன், "சார், சைட்ல யாரும் இப்படிச் செய்ய மாட்டாங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்கிறான். ஒரு மாணவியின் அம்மா, "கக்கூஸ் வேலை கத்துக்கவா பள்ளிக்கூடம் அனுப்பினேன்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்த பருவத்தில் கீசர், சோலார் பாடம் வேறு வருகிறது. நான் எங்கிருந்து தொடங்குவது?
பெயர் வேண்டாம், நீலகிரி

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

கருவிப் பெயர்ப் பாடத்தைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். அது வீண் என்று சொல்லவில்லை. வேலை நடக்கும்போது "அந்த ஹாக்சாவை எடு, வைஸை இறுக்கு" என்று பத்து முறை கேட்டால் பெயர் தானாக வாயில் ஏறிவிடும். தேர்வுக்கு வேண்டிய படங்களைக் கடைசி மாதத்தில் வரைந்துகொள்ளலாம்.

நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். உங்கள் பிள்ளைகள் செய்கிற எந்த வேலையும், தண்ணீர் ஏற்றிப் பார்க்காதவரை முடிந்ததாகக் கணக்கில் வரக்கூடாது. பல பயிற்சிக்கூடங்களில் எல்போ, டீ, யூனியன் என்று பைப்பை இணைக்கும் சாமான்கள் எல்லாவற்றையும் பலகையில் அழகாகப் பொருத்தி, பெயின்ட் அடித்துச் சுவரில் மாட்டியிருப்பார்கள். ஆய்வுக்கு வருகிறவர் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் போயிருக்காது. அப்படிப் படித்த பிள்ளைக்குத் தான் செய்தது சரியா தவறா என்று தெரிய வழியே இல்லை. ஆசிரியர் சொன்னால் சரி, சொல்லாவிட்டால் தவறு. தூக்கம் வராமல் என்ன செய்யும்?

அதனால் தலைமையாசிரியரிடம் முதலில் கேட்க வேண்டியது இன்னொரு ரெஞ்ச் அல்ல. பைப்புக்குள் தண்ணீரை அழுத்தி ஏற்ற, கையால் அடிக்கிற டெஸ்ட் பம்ப் ஒன்றும், அந்த அழுத்தத்தை முள்ளால் காட்டுகிற, நன்றாக வேலை செய்கிற பிரஷர் கேஜ் ஒன்றும் கேளுங்கள். ஊரில் வாடகைக்குக் கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் இது எப்போதும் கொட்டகையிலேயே இருக்க வேண்டிய பொருள்.

முதல் வாரம் இப்படிப் போகட்டும். ஆளுக்கு ஒரு சாண் நீளத்தில் அரை இஞ்ச் சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) பைப் இரண்டு துண்டு, இரண்டையும் இணைக்க ஒரு கப்ளிங், முனையை மூட ஒரு எண்ட் கேப், ஒரு எஃப்டிஏ. எஃப்டிஏ என்பது உள்ளே மரையுள்ள அடாப்டர், பம்போடு இணைவதற்கு. அதிகம் விளக்க வேண்டாம். நீங்கள் ஒரு முறை செய்து காட்டுங்கள், அவர்கள் செய்யட்டும். மறுநாள் ஒவ்வொன்றாகப் பம்பில் மாட்டித் தண்ணீர் ஏற்றுங்கள். மறுநாள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: பைப்பை ஒட்டுகிற சால்வென்ட் காய வேண்டும், உங்கள் ஊர்க் குளிரிலும் ஈரத்திலும் அது சமவெளியைவிட மெதுவாகக் காயும். டப்பாவில் போட்டிருக்கும் காயும் நேரத்தைப் பிள்ளைகளையே படிக்கச் சொல்லுங்கள். சைட்டில் பாதிக் கசிவு, ஒட்டின கையோடு வால்வைத் திறந்துவிடுகிற அவசரத்தில் வருவதுதான்.

பம்ப் அடிக்கும் முன் பைப்புக்குள் இருக்கும் காற்று முழுவதும் வெளியேற வேண்டும். எண்ட் கேப்புக்குப் பதிலாக ஒரு சின்ன வால்வு வைத்தால் காற்றை விட வசதி. இதைப் பழக்கமாகவே ஆக்குங்கள். தண்ணீரை அமுக்க முடியாது. ஒரு ஜாயின்ட் விட்டால் முள் சட்டென்று கீழே வரும், கொஞ்சம் தண்ணீர் தெறிக்கும், அவ்வளவுதான். உள்ளே காற்று அமுங்கி நின்றால் பிளாஸ்டிக் துண்டுகள் பறக்கும். கையால் பம்ப் அடிப்பானேன் என்று எவனாவது காற்று அடிக்கும் கம்ப்ரஸரை மாட்டிப் பார்க்கக் கிளம்புவான்; அதை முதல் நாளே தடை செய்யுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

26 பேரில் எத்தனை பேருடையது நிற்கும்? முதல் தடவை பலருடையது விடும். விட வேண்டும். அப்போதுதான் உங்கள் உண்மையான பாடம் தொடங்குகிறது. விட்ட ஜாயின்ட்டைக் குப்பையில் போடாமல், வைஸில் பிடித்து ஹாக்சாவால் நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கச் சொல்லுங்கள். உள்ளே எல்லாம் எழுதி வைத்த மாதிரி தெரியும். பைப் கோணலாக வெட்டுப்பட்டிருந்தால் ஒரு பக்கம் கப்ளிங்கின் அடிவரை போயிருக்கும், மறுபக்கம் இடைவெளி இருக்கும். பிசிறை எடுக்காமல், முனையைச் சரிவாக இழைக்காமல் செருகியிருந்தால், அந்தக் கூர் விளிம்பு சால்வென்ட்டை வழித்து உள்ளே தள்ளியிருக்கும். ஒட்ட வேண்டிய இடம் வறண்டு கிடக்கும், ஒட்டக் கூடாத இடத்தில் கட்டியாக நிற்கும். கப்ளிங்குக்குள் தாராளமாகப் பூசியவனுடையதில் சால்வென்ட் அடியில் தேங்கி, பைப்பின் உள்சுவரையே இளக்கியிருக்கும். இன்று நிற்கும், இரண்டு வருஷம் கழித்து டைல்ஸுக்குப் பின்னால் விடும். பூசி, செருகி, கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்காதவனுடையது தானாகப் பின்னுக்கு நழுவி வந்திருக்கும். செருகும் ஆழத்தை முன்கூட்டியே பென்சிலால் பைப்பில் கோடு போட்டிருந்தால், பிளக்காமலே அந்த நழுவல் கண்ணில் பட்டிருக்கும். கோடு எதற்கு என்று இனிமேல் நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

பைப்பின் வெளிப்பக்கம் முழுசாக, கப்ளிங்கின் உள்பக்கம் மெல்லிசாக, செருகின பிறகு வாயைச் சுற்றி ஒரே சீராக ஒரு மெல்லிய வளையம். பிளந்து பார்த்த பிள்ளைக்கு இந்த ஒரு வரி போதும்.

நாலைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். ஒருவர் அளப்பது, ஒருவர் வெட்டுவது, ஒருவர் ஒட்டுவது, ஒருவர் சோதிப்பது. வாரம் மாறினால் வேலையும் மாற வேண்டும். ஒரு குழுவின் வேலையை அடுத்த குழுதான் சோதிக்க வேண்டும். ஒரு ஏட்டில் தேதி, யார் ஒட்டியது, எத்தனை கிலோ (ஒரு சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தம் ஏற்றியது, அரை மணி கழித்து முள் எங்கே நின்றது என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். மதிப்பெண்ணை அந்த ஏட்டிலிருந்து போடுங்கள். கட்டடங்களில், குழாயில் வழக்கமாக நிற்கும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பது பொதுவான வழக்கம்; அந்தக் கணக்கை ஏட்டின் முதல் பக்கத்திலேயே எழுத வைக்கலாம்.

பொருள் செலவு பற்றித் தலைமையாசிரியர் கவலைப்படுவார். கட்டடம் நடக்கும் இடங்களில் முழங்கை நீளத் துண்டு பைப்புகள் சாக்கு சாக்காக விழும். கான்ட்ராக்டரிடம் கடிதம் கொடுத்துக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். ஃபிட்டிங்ஸ் மட்டும் காசு போட்டுத்தான் வாங்க வேண்டும். யூனியன், வால்வு, காக் போன்ற மரையுள்ள சாமான்களைக் கழற்றி மறுபடி மறுபடி பயன்படுத்தலாம். ஸ்லாட்டட் ஆங்கிளில் ஆள் உயரத்துக்கு ஒரு சட்டம் அடித்து ப்ளைவுட் அறைந்துவிட்டால் அதுதான் உங்கள் பாத்ரூம் சுவர். ஒரு குழு கட்டியதை அடுத்த குழு கழற்ற வேண்டும். கழற்றுவதும் பாடம்தான், பழைய வீட்டில் ரிப்பேர் வேலை என்பது பாதிக்கு மேல் அதுதானே.

ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை விட்டுவிடலாமா என்று ஒரு யோசனை வரும். விடாதீர்கள். உங்கள் மலையில் பழைய பங்களாக்களிலும் எஸ்டேட் லைன்களிலும் அது இன்னும் இருக்கிறது. டை செட்டுக்குப் பற்கள் தனியாகக் கிடைக்கும், அதை மட்டும் மாற்றுங்கள். அரை இஞ்ச் பைப்பில் ஓர் இஞ்சுக்கு 14 மரை, ஒரு இஞ்ச் பைப்பில் 11. எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்ற வேண்டும், எதிர்த் திசையில் சுற்றினால் இறுக்கும்போது சுருண்டு வெளியே வந்துவிடும். இதை வாயால் சொல்லாமல் இரண்டு விதமாகவும் சுற்ற வைத்துப் பம்ப் அடிக்க விடுங்கள்.

கழிவுக் குழாய்க்கு அழுத்தம் கிடையாது, சரிவுதான் எல்லாம். நான்கு இஞ்ச் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று, அதாவது 3 மீட்டர் ஓட்டத்துக்கு ஏழரை சென்டிமீட்டர் இறக்கம் என்று டியூப் லெவல் பிடித்து மட்டம் பார்க்கப் பழகட்டும். வளைவான டிராப்பில் 50 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்பதால்தான் நாற்றம் வீட்டுக்குள் வருவதில்லை. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஹோஸை வளைத்துக் கட்டி மேலிருந்து ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றினால், வளைவில் நின்ற தண்ணீரையும் அது இழுத்துக்கொண்டு போவது தெரியும். காற்றை உள்ளே விட்டு இந்த இழுப்பைத் தடுக்கும் வென்ட் பைப் எதற்கு என்று புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. இந்த வாளி போதும்.

இனி கீசர். இங்கேதான் உங்கள் ஊர் உங்களுக்குப் பெரிய உதவி. சென்னையில் பிளம்பிங் சொல்லிக் கொடுப்பவருக்கு இந்தப் பாக்கியம் இல்லை.

முதலில் அழுத்தம். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. சமவெளியில் மாடித் தொட்டிக்குக் கீழே குளியலறையில் அரை கிலோ வந்தால் பெரிது. உங்கள் மலையில் தொட்டி மேட்டில் இருக்கும், வீடு பள்ளத்தில் இருக்கும். 40 மீட்டர் இறக்கம் சாதாரணம், அது 4 கிலோ. பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரு தெருவில் தொட்டிக்கும் கடைசி வீட்டுக் குழாய்க்கும் உயர வித்தியாசத்தைக் கணக்கிட்டு, பிறகு கேஜை மாட்டிப் பார்க்கட்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப் போகும்போது அந்த முகங்களைப் பாருங்கள். கீசரின் லேபிளில் அது எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று போட்டிருக்கும். வாங்கும் முன் அதை ஏன் படிக்க வேண்டும் என்பதும் அழுத்தத்தைக் குறைக்கும் பிரஷர் ரெட்யூசிங் வால்வு எங்கே வேண்டும் என்பதும் அன்றைக்கே புரிந்துவிடும்.

அடுத்தது சூடு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.2 கிலோஜூல் வேண்டும். 25 லிட்டர், 2 கிலோவாட் கீசர். சென்னையில் 28 டிகிரியில் வரும் தண்ணீரை 60-க்குக் கொண்டுபோக 28 நிமிஷம். உங்கள் ஊரில் மார்கழிக் காலையில் 15 டிகிரியில் வந்தால் 39 நிமிஷம். அதே கீசர், அதே கரன்ட். "கீசர் சரியில்லை" என்று கூப்பிடுகிற வீட்டில் பாதி நேரம் இந்தக் கணக்குத்தான் பதில். கணக்கு ஆசிரியரிடம் சொல்லி ஒரு பாடவேளை கடன் வாங்குங்கள்.

பழைய கீசர் ஒன்றைக் காயலான் கடையில் வாங்கிப் பிரித்துக் காட்டுங்கள். எலிமென்ட்டில் படிந்த சுண்ணாம்பு, கரைந்து கம்பியாகிப் போன மெக்னீசியம் ராடு, தெர்மோஸ்டாட். அந்த ராடு தான் கரைந்து தொட்டியைக் காப்பாற்றுகிறது, அதை மாற்ற வேண்டும் என்று வாங்கின வீட்டுக்காரருக்குப் பெரும்பாலும் தெரியாது. உங்கள் மாணவன் சொல்லட்டும்.

சேஃப்டி வால்வுக்கு மட்டும் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். 25 லிட்டர் தண்ணீர் 15-லிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய 400 மில்லி விரிகிறது. உள்ளே வரும் வழியில், ஒரு திசையில் மட்டும் விடும் நான் ரிட்டர்ன் வால்வு இருப்பதால் அந்தத் தண்ணீர் திரும்பிப் போக முடியாது. அதனால் சேஃப்டி வால்வு வழியாகச் சொட்டுகிறது. அது ரிப்பேர் அல்ல, வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். வீட்டுக்காரர் "ஒழுகுது" என்பார், அவசரக்காரர் ஒரு எண்ட் பிளக்கைப் போட்டு அடைத்துவிடுவார். பிறகு தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? 4 கிலோ அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 150 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். தொட்டி பிளந்தால் அதில் ஒரு பகுதி அந்த நொடியே நீராவியாகிறது. சேஃப்டி வால்வை அடைத்த மாணவனுக்கு அந்தப் பருவத்தில் பாஸ் கிடையாது என்று நான் சட்டமே போட்டுவிடுவேன்.

கீசருக்கு இரண்டடிக்குள் சாதாரண பிவிசி கூடாது, வெந்நீர் வரும் வழி முழுக்க சிபிவிசி. கீசர் வாயில் பிளாஸ்டிக் மரை கூடாது, பித்தளை மரை. சிபிவிசியும் சூட்டில் நீளும்: 10 மீட்டர் ஓட்டம் 40 டிகிரி ஏறினால் ஏறக்குறைய ஒரு இஞ்ச். கிளாம்பை இறுக்கிச் சுவரோடு கட்டிவிட்டால் அது எல்போவில்தான் போய்க் கோபத்தைக் காட்டும். மின் இணைப்பு எலக்ட்ரீஷியன் வேலை, ஆனால் எர்த்தும், மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் இல்லாத இடத்தில் கீசரை மாட்டித் தர மாட்டேன் என்று சொல்லும் தைரியம் பிளம்பருக்கு வேண்டும். கேஸ் கீசர் இன்னும் ஒரு படி மேல். காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் அதை வைத்து, கார்பன் மோனாக்சைடில் ஆட்கள் இறந்துபோவது நம் நாட்டில் அடிக்கடி வருகிற செய்தி. குளிருக்கு ஜன்னலை அடைத்து வைக்கிற ஊர் உங்களுடையது. கீசர் குளியலறைக்கு வெளியே, புகை திறந்த வெளிக்கு. இதில் பேரம் இல்லை.

சோலாரில் உங்களுக்கே உரிய ஒரு பாடம் உறைபனி. ஊட்டிப் பக்கம் தெளிவான இரவில் தகட்டுப் பேனல் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியிருக்கும் காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். உள்ளே செப்புக் குழாயில் நிற்கும் தண்ணீர் உறைந்தால் குழாய் பிளக்கும். வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகை அந்த விஷயத்தில் தாக்குப்பிடிக்கும். பம்ப் இல்லாமல் வெந்நீர் தானாக மேலேறும் அமைப்பில் தொட்டி பேனலுக்கு மேலே இருக்க வேண்டும், வெந்நீர்க் குழாய் வழியெல்லாம் ஏற்றமாகவே போக வேண்டும். நடுவில் ஒரு திமில் விழுந்தால் காற்று சிக்கி ஓட்டம் நின்றுவிடும். இதை ஹோஸை வைத்துக் கொட்டகையிலேயே காட்டலாம்.

சரி, அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவனை மடக்க முயலாதீர்கள், அவன் உங்கள் சொத்து. பெரும்பாலும் அவன் சொல்வது உண்மைதான்: சைட்டில் யாரும் அப்படிச் செய்வதில்லை. பைப்பை நெருப்பில் காட்டி வாயை அகட்டி, கப்ளிங் இல்லாமலே செருகி ஒட்டுவது அவன் அப்பா வேலையில் தினம் நடக்கலாம். "நீ சைட்ல செய்யற மாதிரியே ஒண்ணு செய், நான் புத்தகப்படி ஒண்ணு செய்யறேன், இரண்டையும் பம்ப்ல மாட்டலாம்" என்று சொல்லுங்கள். அவனுடையது நின்றாலும் நிற்கும், கூச்சப்படாமல் ஒத்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டையும் பிளந்து, சூடு காட்டிய இடத்தில் பைப்பின் சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அவனையே அளக்கச் சொல்லுங்கள். அவன் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசக்கூடாது. முடிந்தால் அவரை ஒரு நாள் வகுப்புக்கு அழையுங்கள். ஜிஐ மரை போடுவதில் உங்களைவிட அவருக்குக் கை சுத்தமாக இருக்கும்.

அந்த அம்மாவின் கேள்வி வேறு மாதிரி. அதில் கோபம் மட்டுமில்லை, பயமும் இருக்கிறது. கழிவைத் தொடுகிற வேலையை யார் தலையில் இந்தச் சமூகம் கட்டி வைத்திருக்கிறது என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். "எல்லா வேலையும் உயர்ந்ததுதான்" என்று உபதேசம் செய்தால் எடுபடாது. நேராகச் சொல்லுங்கள்: செப்டிக் டேங்குக்குள்ளோ மேன்ஹோலுக்குள்ளோ என் மாணவர் யாரும் இறங்க மாட்டார்கள், எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு ஏற்பாடின்றி ஆட்களை அதில் இறக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. உள்ளே தேங்கும் வாயு ஒரு மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். இதை எழுதிக் கொட்டகை வாசலிலேயே மாட்டுங்கள். அப்புறம் அவரைச் சோதனை நாளில் வரச் சொல்லுங்கள். மகள் பம்ப் அடித்து, கேஜைப் படித்து, ஏட்டில் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். அந்த நான்கு பெண் பிள்ளைகளையும் ஏடு எழுதும் வேலையில் உட்கார வைத்துவிடாதீர்கள். ரெஞ்ச்சுக்கு வேண்டியது தோள் பலம் அல்ல, கைப்பிடி நீளம்.

வெளியே அழைத்துப் போவதில் கவனம் வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை ஆபத்தான வேலைகளில் ஈடுபடுத்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நடக்கிற கட்டடத்தில் பார்வையிடலாம், வேலையில் இறக்கிவிடாதீர்கள். சாரம் ஏறுவது அறவே வேண்டாம். பயிற்சிக்கு உங்கள் பள்ளியே போதும். ஒழுகும் பிப் காக், ஓயாமல் ஓடும் ஃப்ளஷ் டேங்க், வாஷர் போன குழாய் இல்லாத பள்ளி எங்கே இருக்கிறது?

படித்து முடித்து என்ன செய்வது என்று கேட்டால், ஐடிஐயில் பிளம்பர் பிரிவு, அப்ரன்டிஸ், கணக்கு நன்றாக வருபவருக்கு டிப்ளமோ என்று வழி உண்டு. சென்னை அடுக்குமாடிகளில் இன்று பைப் போடுகிறவர்களில் எத்தனை பேர் ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் என்று அங்கே வேலை பார்த்த யாரையும் கேட்டுப் பாருங்கள். அந்த மாவட்டத்துப் பட்டாமுண்டாயில் பிளம்பிங்குக்கென்றே அரசுப் பயிற்சி நிலையம் இருக்கிறது. நம் பிள்ளைகள் வராத இடத்துக்கு அவர்கள் வந்திருக்கிறார்கள், நன்றாகவும் செய்கிறார்கள்.

பம்ப் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். கேஜ் 0 முதல் 16 கிலோ வரை காட்டுவதாக இருக்கட்டும். 70 கிலோ கேஜைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதில் 4 கிலோவுக்கும் 5 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் பின் பெஞ்சிலிருந்து தெரியாது.